ரேடியோவுக்கு ரீஃபண்ட்

அத்தியாயம் 9

"அக்கா, அந்த ரசீது எங்கே?"

குளியலறைக்குள் பல் துலக்கிக்கொண்டிருந்த ஆடிட்டருக்கு நுரை தொண்டைக்குள் இறங்கியது.

"எந்த ரசீது?"

"அதான்க்கா, என் வரிக் கணக்கை அனுப்பினீங்கல்ல, போன வாரம்? அனுப்பினா உடனே ஒரு ரசீது வருமாமே. இன்னைக்கு நாலு மணிக்குள்ள காலேஜ்ல காட்டணும்."

குழாயைத் திறந்துவிட்டாள் ஆடிட்டர். தண்ணீர் சத்தத்தில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் கொஞ்ச நேரத்துக்குத் தள்ளிப்போனது. ரசீது வந்திருந்தால் அல்லவா எடுத்துக் கொடுக்க?

அவள் நிஜ ஆடிட்டர் இல்லை. இந்த வீட்டின் மூத்த மருமகள். காலையில் மருந்துக்கடை கவுண்டர், சாயங்காலம் கூரியர் கிடங்கில் பார்சல் பதிவு, வாரத்தில் மூன்று மதியம் கணக்கியல் பட்டப்படிப்பு, இரண்டாம் வருடம். வீட்டில் யாருக்கு என்ன படிவம் வந்தாலும் அவள் கைக்குத்தான் போகும். "எங்க வீட்டு ஆடிட்டர் பார்த்துப்பா" என்று மாமியார் ஒருமுறை பெருமையாகச் சொல்லப் போக, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. சம்பளத்தை விடவும் பிடித்திருந்தது.

கதவுக்கு வெளியே நிற்பவள் இளைய மருமகள். அவளுடைய ஓரகத்தி. எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு, ரொட்டித் தொழிற்சாலையில் பகுதிநேர வேலை. வாய் மூடாது. பேச ஆள் இல்லையென்றால் கண்ணில் படுவதைச் சத்தமாக வாசிப்பாள். ஷாம்பு பாட்டில், பஸ் கண்ணாடி, வாசலில் கிடக்கும் விளம்பர நோட்டீஸ், எதுவும் தப்பாது. அதனால் அவள் ரேடியோ. அந்தப் பெயரை வைத்ததும் மாமியார்தான். வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். மூத்தவள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. அவளுக்காக அத்தை ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.

வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. அது முற்றிப்போனது போன வாரம்.

மேஜை மேல் லேப்டாப். பக்கத்தில் வாழைப்பழம் தின்றுகொண்டு ரேடியோ. அவளுடைய கணக்கை முடித்து ஆடிட்டர் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, திரையில் பச்சை எழுத்தில் ஒரு தொகை. திரும்ப வர வேண்டியது. ரேடியோவின் ஆறு வாரச் சம்பளம் அளவுக்கு இருந்தது.

ரேடியோ குதித்துக்கொண்டு அத்தையிடம் சொல்ல ஓடினாள். அந்த இடைவெளியில் ஆடிட்டர் தன் கணக்கைத் திறந்து அதே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். சிவப்பு எழுத்து. கட்ட வேண்டியது.

இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். சிவப்பு மாறவில்லை.

திரும்ப ரேடியோவின் பக்கத்துக்கு வந்தாள். கீழே இரண்டு பொத்தான்கள். 'அனுப்பு'. 'சேமித்து வை'. அவள் விரல் அனுப்புக்குப் போகவில்லை.

"அனுப்பிட்டீங்களாக்கா?" என்று ஓடி வந்து கேட்டாள் ரேடியோ.

"ம்... அனுப்பியாச்சு."

இரண்டு நாள் காயட்டும் என்றுதான் நினைத்தாள். இரண்டு நாள் ஒரு வாரமாகிவிட்டது.

குழாயை மூடினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"காலேஜுக்கு எதுக்கு அந்த ரசீது?"

"பயிற்சி சீட்டுக்கா! ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூம்ல மூணு மாசம். பணம் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாள். என்கிட்ட ஏது காசு? வரிக் கணக்கு அனுப்பின ரசீதைக் காட்டுனா, ரீஃபண்ட் வர்ற வரைக்கும் டைம் குடுக்கறேன்னாங்க. காட்டலைன்னா அடுத்து காத்திருக்கறவங்களுக்கு சீட்டு போயிடும். அப்புறம் ஒரு வருஷம் சும்மா உக்காரணும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"நீங்கதான் அனுப்பிட்டீங்களே, அப்புறம் என்ன பயம்னு விட்டுட்டேன். பிரிண்ட் எடுத்து வைக்கிறீங்களா? எனக்கு மூணு மணி வரைக்கும் ஷிப்ட். நேரா காலேஜுக்கு வந்துடறேன். நீங்களும் மத்தியானம் கிளாஸுக்கு அந்தப் பக்கம்தானே வருவீங்க?"

"கொண்டு வரேன்."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல். பள்ளி வேன் ஓட்டுகிற பெண்மணி. யூனிஃபார்ம் சட்டை, கழுத்தில் விசில், கையில் காப்பி. பேசினால் தெருமுனை வரை கேட்கும்.

"என்னடி ரேடியோ, காலையிலயே நேயர் விருப்பமா?"

"பணம் வரப்போகுது அத்தை! அரசாங்கமே எனக்குப் பணம் தருது!"

"அரசாங்கம் ஒண்ணும் தரலை" என்றாள் ஆடிட்டர். குரலில் எலுமிச்சம்பழம் பிழிந்தது போலிருந்தது. "உன் காசுதான். வாரா வாரம் உன் சம்பளத்துல கூடுதலா பிடிச்சுட்டாங்க. அதைத் திருப்பித் தராங்க. அதுவும் வரி மட்டும்தான் வரும். ஓய்வூதியப் பிடித்தம் வராது. முழுசும் வரும்னு ஆடாதே."

"வர்றது வரட்டும்க்கா. சீட்டு கிடைச்சா போதும்."

"பாரு, என்ன மனசு!" என்றார் அத்தை. "ஆமா ஆடிட்டர், இவளுக்கே இவ்வளவு வருதுன்னா உனக்கு எவ்வளவு வரும்? எனக்கு?"

"இனிமேதான் பாக்கணும் அத்தை" என்று பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள் ஆடிட்டர். காப்பி குடிக்கவில்லை.

* * *

மருந்துக்கடையில் கூட்டமில்லை. கூட்டம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கை சும்மா இருந்தால் மனசு கணக்குப் போடும்.

போன வருடம் ரேடியோ கல்யாணமாகி வந்த புதிது. ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்து ஒரு படிவத்தோடு வந்து நின்றாள். "அக்கா, இதுல வரி எண் கேக்குது. முதன்மை வேலையான்னு கேக்குது. என்ன எழுதறது?" வீடே புதுப்பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த வாரம் அது. "எனக்கு பரீட்சை இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்றாள் ஆடிட்டர். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

யாரும் சொல்லித் தராததால் ரேடியோ அந்த இடங்களைக் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டாள். வரி எண் தராதவர்களிடம் அதிகபட்ச வரி பிடிப்பது கம்பெனி வழக்கம். பிடித்தது. படிவத்தைச் சரிசெய்து கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. "பாதி சம்பளம் எங்கேக்கா போகுது?" என்று வருடம் முழுக்கப் புலம்பினாள் ரேடியோ. "உலகம் அப்படித்தான்" என்றாள் ஆடிட்டர். சொல்லும்போது உள்ளே ஒரு சின்ன ஐஸ்க்ரீம் கரைந்தது.

ஆடிட்டருடைய சம்பளச் சீட்டோ வாராவாரம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டப்படும். வரிப் பிடித்தம்: பூஜ்யம். மருந்துக்கடையிலும் பூஜ்யம். கூரியரிலும் பூஜ்யம்.

சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. வருடத்துக்கு இவ்வளவு சம்பாதிக்கும் வரை வரி இல்லை என்று ஒரு வரம்பு உண்டு. 'இதுதான் என் முதன்மை வேலை, அந்தச் சலுகையை இங்கே கொடுங்கள்' என்று படிவத்தில் ஒரு டிக் போட்டால் கம்பெனி வரி பிடிக்காது. ஆடிட்டர் இரண்டு வேலையிலும் அந்த டிக்கைப் போட்டாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு சம்பளமும் வரம்புக்குக் கீழே. கூட்டிப் பார்த்தால் மேலே. ஒரே தலைக்கு இரண்டு குடை கிடையாது, சலுகை ஒரு வேலைக்கு மட்டும்தான் என்கிற பாடம் மூன்றாம் வருடத்தில்தான் வருகிறது. அவள் இரண்டாம் வருடம். தெரிந்தது பாதி, தெரிந்த மாதிரி நடந்துகொண்டது முழுசு.

ஆக, ஒன்றும் தெரியாமல் காலியாக விட்டவளுக்குப் பச்சை எழுத்து. எல்லாம் தெரிந்து டிக் போட்டவளுக்குச் சிவப்பு எழுத்து.

"ஆடிட்டரம்மா" என்றார் கடை முதலாளி. "இருமல் மருந்து கேட்டவருக்கு மலச்சிக்கல் மருந்தைக் குடுக்கறீங்க."

"சாரி சார்."

"தப்பில்லை. குடிச்சா இரும பயப்படுவார்."

வாடிக்கையாளர் சிரிக்கவில்லை. ஆடிட்டரும்தான்.

இடைவேளையில் பின்பக்க அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தாள். ஒன்றும் செய்ய வேண்டாம். அதுதான் இதில் பெரிய வசதி. தப்பு செய்வதற்குக்கூட எழுந்து நடக்க வேண்டியதில்லை. 'சர்வர் வேலை செய்யலை', 'ரசீது இன்னும் வரலை', ஏதோ ஒன்று. நாலு மணி தானாக அடிக்கும். சீட்டு தானாகப் போகும். ரீஃபண்ட் எங்கேயும் ஓடிவிடாது, தாமதமாக அனுப்பினாலும் வரும். சீட்டு மட்டும் வராது.

ஒரு வருடம் ரேடியோ வீட்டில் சும்மா இருப்பாள்.

அந்தக் காட்சியைக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஆரம்பம் இனித்தது. அப்புறம் படம் வேறு பக்கம் திரும்பியது. ரேடியோ அழுகிறாள். அத்தை அவள் தலையை மடியில் வைத்துக்கொள்கிறார். "பாவம்டி நீ" என்கிறார். வேன் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார். சாப்பாட்டு மேஜையில் முதல் தட்டு அவளுக்கு. வீடே அவள் பக்கம் சாய்கிறது. ஒரு வருடம் முழுக்க!

ஐயோ, வேண்டவே வேண்டாம்.

யாராவது கேட்டால் மனசாட்சி உறுத்தியது என்று ஆடிட்டர் சொல்லியிருப்பாள். கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஆனால் அவளை எழுப்பி நிறுத்தியது மனசாட்சி இல்லை.

செல்போனில் ரேடியோவின் கணக்கைத் திறந்தாள். சேமித்து வைத்த பக்கம் அப்படியே காத்திருந்தது. சத்தமில்லாமல் அனுப்பிவிட்டு ரசீதை எடுத்துக்கொண்டால் போதும். பொய் தானாக உண்மையாகிவிடும். 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள்.

'உங்கள் செல்போனுக்கு ஒரு ரகசிய எண் அனுப்பப்பட்டுள்ளது. ஐந்து நிமிடத்துக்குள் பதிவு செய்யவும்.'

உங்கள் செல்போன் என்றால் ரேடியோவின் செல்போன்.

ரேடியோவின் செல்போன் ரொட்டித் தொழிற்சாலையின் லாக்கரில் இருந்தது. வேலை நேரத்தில் உள்ளே கொண்டுபோகக் கூடாது.

ஆடிட்டர் மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"சார், அரை நாள் லீவு."

"எதுக்கும்மா?"

"வயிறு சரியில்லை."

"அலமாரியில மருந்து இருக்கே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

* * *

ரொட்டித் தொழிற்சாலையின் பின்வாசல். வெந்த மாவின் வாசனை சாலை வரை வந்தது. பஸ்ஸில் வரும்போதே ஆடிட்டர் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தாள். 'ஒரு சின்னத் திருத்தம். அதுக்கு நம்பர் கேக்குது.' சுருக்கமாக, நம்பும்படியாக.

காவலாளி உள்ளே சொல்லியனுப்பினார். ரேடியோ ஓடி வந்தாள். தலையில் வலைத் தொப்பி, புருவத்தில் மாவு.

"என்னாச்சுக்கா? அத்தைக்கு ஏதாவது?"

"ஒண்ணுமில்லை. உன் கணக்குல ஒரு சின்னத் திருத்தம். உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைச் சொன்னா போதும்."

"அவ்வளவுதானா? பயந்தே போயிட்டேன். அதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்களா? வெயில்ல? தண்ணி குடிக்கிறீங்களா?"

"போனை எடுத்துட்டு வா. சீக்கிரம்."

லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் காலி ரொட்டி டிரேக்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள். ரேடியோவின் திரையில் ஆடிட்டர் வழியில் கூப்பிட்ட தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. ரேடியோ அவளை எந்தப் பெயரில் பதிந்து வைத்திருக்கிறாள் என்று இன்றுதான் பார்த்தாள். 'ஆடிட்டர் அக்கா, கேட்டுட்டு செய்'.

பார்வையைத் திருப்பிக்கொண்டு தன் போனில் அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.

ரேடியோவின் போன் சிணுங்கியது.

"வந்துடுச்சு!"

"நம்பரை மட்டும் சொல்லு."

ஆனால் ரேடியோ என்றைக்கு எதை மட்டும் சொல்லியிருக்கிறாள்? வழக்கம் போல முதலிலிருந்து சத்தமாக வாசித்தாள்.

"அன்புள்ள வரி செலுத்துபவரே. நீங்கள் சேமித்து வைத்திருந்த, இதுவரை அனுப்பப்படாத உங்கள் வரிக் கணக்கை..."

நிறுத்தினாள்.

உள்ளே எங்கோ ரொட்டி வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

ரேடியோ அந்த வரியை மறுபடி படித்தாள். இந்த முறை உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

இந்தப் புதுப்பெண் வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து ஆடிட்டர் ஒரே ஒரு வரம்தான் கேட்டிருந்தாள். இவள் வாய் ஒரு நிமிடம் மூடாதா? மூடிவிட்டது. இப்போது அதைத் தாங்க முடியவில்லை.

"நம்பர்..." என்றாள் ஆடிட்டர். "அஞ்சு நிமிஷம்தான் டைம்."

ரேடியோ ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். கடன் திருப்பிக் கொடுப்பது போல. ஆடிட்டர் அழுத்தினாள். சக்கரம் சுழன்றது. 'வெற்றிகரமாக அனுப்பப்பட்டது.'

"போயிடுச்சு" என்றாள்.

"இப்பதானே போச்சு?"

"ஆமா."

"போன வாரம் போகலை."

"போகலை."

"மறந்துட்டீங்களா?"

தப்பிக்க ஒரு கதவு திறந்துதான் இருந்தது. 'ஆமாம், மறந்துட்டேன்' என்று ஒரு அடி எடுத்து வைத்தால் வெளியே போய்விடலாம். மூன்றாவது பொய்தான் எல்லாவற்றிலும் சுலபமாக இருக்கும்.

"இல்லை" என்றாள் ஆடிட்டர். "மறக்கலை. உனக்குத் திரும்ப வருதுன்னு வந்துச்சு. எனக்குக் கட்டணும்னு வந்துச்சு. அனுப்ப மனசு வரலை."

"கட்டணுமா? உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

ரேடியோ தொப்பியைக் கழற்றினாள். மாவு பறந்தது.

"வருஷம் பூரா ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் உங்க சம்பளச் சீட்டு என் மூஞ்சில முழிச்சுதுக்கா. பிடித்தம் பூஜ்யம், பிடித்தம் பூஜ்யம்னு. பால் எடுக்கப் போனாலும் பூஜ்யம், தண்ணி எடுக்கப் போனாலும் பூஜ்யம். எனக்கும் வயிறு எரிஞ்சுது. பத்திக்கிட்டு எரிஞ்சுது." எழுந்து நின்றாள். "ஆனா நான் உங்க சீட்டைக் கிழிச்சுப் போடலையே."



"பேக்கிங்! எத்தனை நேரம்?" என்று உள்ளிருந்து சூப்பர்வைசர் கத்தினார்.

"வரேன் சார்!" தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டாள். நாலடி போய்த் திரும்பினாள். "காலேஜுக்கு நீங்களே கொண்டு போயிடறீங்களா? இதுக்கே என்னை அரை மணி நேரம் கூடுதலா நிறுத்தி வைப்பாங்க. லேட்டா விட்டா நான் போய்ச் சேர முடியாது."

"என்கிட்டயா குடுக்கறே? மறுபடியும்?"

"வேற யார்கிட்ட குடுக்கறது?" என்றாள் ரேடியோ. இரும்புக் கதவு மூடிக்கொண்டது.

கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

* * *

முதல் பிரிண்ட் கடையில் மை இல்லை. இரண்டாவது கடையில் மின்சாரம் இல்லை. மூன்றாவது கடைக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரை டீக்கடையிலேயே போய்ப் பிடித்து, பாதி டீயோடு இழுத்து வந்தாள் ஆடிட்டர்.

கல்லூரிக் கட்டணப் பிரிவின் கண்ணாடித் திறப்பில் ஒரு பெண் பலகையைத் தொங்கவிடக் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள். 'மூடப்பட்டது.'

"மேடம்! மேடம்! ஒரே ஒரு ரசீது!"

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வந்தா சீட்டு இருக்குமா?"

"இருக்காது."

"அப்புறம் எதுக்கு நாளைக்கு வரச் சொல்றீங்க?"

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். தாளை வாங்கினாள். "இன்னைக்குத்தான் அனுப்பியிருக்கீங்க போல. தேதி இன்னைக்குத் தேதியா இருக்கு. ஏன் இப்படிக் கடைசி நிமிஷத்துல?"

"வீட்ல ஒரு ஆடிட்டர் இருக்கா" என்றாள் ஆடிட்டர். "அவ பண்ண வேலை."

"ஆளை மாத்துங்க" என்று சொல்லி முத்திரையைக் குத்தினாள் அந்தப் பெண்.

சீட்டு நின்றது.

* * *

சாயங்காலம் கூரியர் கிடங்குக்குப் போகவில்லை. மருமகள்களின் கணவன்மார், அண்ணன் தம்பி இருவரும், வெளியூர் கட்டிடத்தில் லிஃப்ட் மாட்டப் போயிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் மூன்று பெண்கள் மட்டும்.

நடுவில் ரேடியோ. பேசாமல் சாப்பிட்டாள். உப்பு ஜாடியின் மேல் எழுதியிருந்ததைக்கூட வாசிக்கவில்லை.

"என்னடி, பேட்டரி போச்சா?" என்றார் அத்தை. "சீட்டு என்னாச்சு? கிடைச்சுதா இல்லையா?"

ஆடிட்டரின் கை தட்டிலேயே நின்றது. இதோ, இப்போது ரேடியோ எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள்.

"கிடைச்சுது அத்தை" என்றாள் ரேடியோ. "அக்காதான் லீவு போட்டுட்டு அலைஞ்சாங்க. கவுன்ட்டர் மூடப் போற நேரத்துல ஓடிப் போய்க் குடுத்திருக்காங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

"அதான் எங்க ஆடிட்டர்!" அத்தை மேஜையைத் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. ஐந்து வருடமாக எந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தாளோ, அதே சிரிப்பு. தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு.

ஆடிட்டருக்கு அது முள்ளாகக் குத்தியது. அந்தச் சிரிப்பை வாங்கிக் கொடுத்தவள் ரேடியோ. சீட்டிலும் அவள், ரீஃபண்டிலும் அவள், கடைசியில் பெருந்தன்மையிலும் அவளேதான் முந்திக்கொள்வாளா? இரவல் வாங்கிய பாராட்டில் எத்தனை நாள் ஓட்டுவது? காலையில் எரிந்த இடத்திலேயே இப்போதும் எரிந்தது. இந்த முறை நெருப்பு வேறு.

"அத்தை" என்றாள். "எனக்கு எவ்வளவு வரும்னு கேட்டீங்கல்ல?"

"ஆமா, பாத்தியா?"

"எனக்கு வராது. நான்தான் கட்டணும். இவ கணக்கைப் போன வாரம் அனுப்பிட்டேன்னு சொன்னதும் பொய். அந்த வயித்தெரிச்சல்லதான் அனுப்பாம வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் அனுப்பினேன். அலைஞ்சது அதுக்குத்தான்."

ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நான்தான் சொல்லலையே..."

"நீ சொல்லலை. அதான் நான் சொல்றேன்."

அத்தை தட்டை மெல்லத் தள்ளிவைத்தார். திட்டப் போகிறார் என்று இரண்டு மருமகள்களும் நினைத்தார்கள். ஆனால் அவர் அந்தப் பொய்யை இன்னும் தொடவே இல்லை. அவருடைய கண் வேறெங்கோ போயிருந்தது.

"அதை அப்புறம் பேசறேன். உனக்கு ஏன் கட்டச் சொல்லுது? அதை முதல்ல சொல்லு."

"ரெண்டு வேலையிலயும் 'இதுதான் முதன்மை வேலை'ன்னு டிக் போட்டுட்டேன். ஒரு இடத்துலதான் போடணுமாம். ரெண்டு கம்பெனியும் வரி பிடிக்கலை. வருஷக் கடைசியில ரெண்டையும் கூட்டினப்போ மாட்டிக்கிட்டேன்."

"ரெண்டு இடத்துல டிக் போட்டா தப்பா?"

"தப்பு அத்தை."

"வாரநாள்ல பள்ளி வேன். சனி, ஞாயிறு ஏர்போர்ட் வேன்." அத்தை ஒவ்வொரு சொல்லையும் கியர் மாற்றுவது போலச் சொன்னார். "எனக்கு அந்த ரெண்டு படிவத்தையும் யாரு நிரப்பிக் குடுத்தது?"

ஆடிட்டர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு எழுத்தைப் பார்த்த நாளிலிருந்து தன் கணக்கைத் தவிர வேறு எதையும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. பொறாமைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அது எதிர் வீட்டைப் பார்த்துத்தான் திறக்கும்.

"நான்தான்" என்றாள்.

"நீதான். 'ரெண்டுலயும் போடுங்க அத்தை, கைக்கு முழுசா வரும்'னு சொன்னே. முழுசா வந்துச்சு. சந்தோஷத்துல நான் சும்மா இருந்தேனா?"

"அத்தை... யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எங்க வேன் ஷெட்ல எல்லாருமே வாரக்கடைசியில ரெண்டாவது வேலை பாக்கறவங்கதான். 'எங்க வீட்டு ஆடிட்டர் சொன்னா, கண்ணை மூடிக்கிட்டு டிக் போடுங்க'ன்னேன். போட்டாங்க. நாளைக்கு ஸ்கூலுக்கு மட்டும் லீவாச்சே, நம்ம ஆடிட்டரே எல்லாருக்கும் கணக்கை அனுப்பித் தருவான்னு நான்தான் கூப்பிட்டிருக்கேன். காலையில இங்கதான் வராங்க. ஸ்வீட் பாக்ஸோட."

"எத்தனை பேர் அத்தை?" என்றாள் ரேடியோ. மதியத்துக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி.

அத்தை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனார். மறு கையும் முடிந்தது. "கொஞ்சம் உன் கையைக் குடு" என்று ரேடியோவின் பக்கம் நீட்டினார்.

ரேடியோ இடது கையைக் கொடுத்துவிட்டு வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆடிட்டர் அவளையே பார்த்தாள். இந்த வீட்டில் தன் யோசனையைக் கேட்டும் கிடைக்காமல் போன ஒரே ஆள் அவள்தான். இன்று இரவு நிம்மதியாகத் தூங்கப் போகிற ஒரே ஆளும் அவள்தான்.

என்ன அதிர்ஷ்டம் பாருங்கள், அவளுக்கு.